பரிமாற்றப் பயணத்துக்குக் கிளம்பும் முன்: அந்த நாட்டைப் பற்றிப் படித்தால் போதுமா?

கேள்வி (ஜூன் 2)

கல்லூரி வழியாக ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன். தங்குவது அங்கே ஒரு குடும்பத்தோடு. கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறது. அந்த நாட்டுப் பழக்கவழக்கம் பற்றி மூன்று புத்தகம் படித்துவிட்டேன், பார்க்காத வீடியோ இல்லை. கலாச்சார அதிர்ச்சியெல்லாம் தயாராகாமல் போகிறவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். இனி பெட்டி கட்டுவது மட்டும்தானே பாக்கி?

ஜூன் 2, இரவு

பெட்டி கட்டுவது கடைசி வேலை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மூன்று புத்தகம் படித்தது நல்லதுதான். ஆனால் மூன்றிலும் "அவர்கள் எப்படி" என்றுதான் இருந்திருக்கும். அங்கே போய் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் "நான் எப்படி" என்பது. உங்கள் வீட்டில் கோபம் வந்தால் சத்தம் போடுவார்களா, பேச்சை நிறுத்திவிடுவார்களா? கதவைத் தட்டாமல் ஒருவர் உங்கள் அறைக்குள் வந்தால் அது உரிமையா, அத்துமீறலா? ஒருவர் "பார்க்கலாம்" என்றால் சரி என்று எடுத்துக்கொள்வீர்களா, முடியாது என்றா? இதையெல்லாம் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள், நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

நானும் மாணவனாக இப்படிப் போய் வந்தவன். அப்புறம் பல வருடங்களாகக் கிளம்புகிறவர்களுக்கான முன்பயிற்சி வகுப்புகளில் உதவுகிறேன். அங்கே நான் கொடுக்கும் வேலை ஒன்று: இந்த வாரம் முழுக்க, யார் மேலாவது எரிச்சல் வரும்போதெல்லாம் அவர் எந்த விதியை மீறியதாக நினைத்தீர்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பேச்சுக்கு நடுவே குறுக்கிட்டார், சொன்ன நேரத்துக்கு வரவில்லை, நன்றி சொல்லவில்லை, தேவைக்கு மேல் நன்றி சொன்னார், எதுவானாலும் சரி. அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய நான்காவது புத்தகம்.

ஜூன் 3

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். தயாராகாதவர்களுக்குத்தான் அதிர்ச்சி வரும் என்கிறீர்களே, அது அப்படி வேலை செய்வதில்லை. "கலாச்சார அதிர்ச்சி" என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954ல் ரியோ டி ஜெனிரோவில் இதைப் பற்றி ஒரு உரை ஆற்றினார், 1960ல் அது கட்டுரையாக வந்தது. அவர் சொன்னது பெரிய சம்பவங்களைப் பற்றி அல்ல. எப்போது கை குலுக்குவது, எப்போது டிப்ஸ் வைப்பது, ஒருவர் சொல்வதை எந்த இடத்தில் நிஜமாக எடுத்துக்கொள்வது, எந்த இடத்தில் கூடாது என்பது போன்ற ஆயிரம் சின்னக் குறிப்புகளை நாம் அறியாமலே பயன்படுத்துகிறோம். அவை ஒரே நாளில் செல்லாமல் போகின்றன. தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. எல்லாம் சேர்ந்து ஆளைச் சோர்த்துவிடும்.

ஆகவே தயாரிப்பு என்பது அதைத் தடுப்பதற்கு அல்ல, வந்தால் இன்னதென்று அடையாளம் தெரிவதற்கு. காரணமே இல்லாமல் தூக்கம் தூக்கமாக வரும். கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கவே சலிப்பாக இருக்கும். அந்த நாட்டில் எல்லாமே முட்டாள்தனமாகத் தெரியும். அப்போது "எனக்கு உடம்பு சரியில்லையோ" என்றோ "தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ" என்றோ பயப்பட வேண்டாம்.

எத்தனையாவது மாதத்தில் வரும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்ற உதவியில் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்கள் இருநூறு பேருக்குச் சற்று அதிகமானவர்களிடம் பேசினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்டவர்கள்தான் திணறினார்கள். முதலில் உற்சாகம், நடுவில் பள்ளம், அப்புறம் ஏற்றம் என்ற அந்தப் பிரபலமான யூ வளைவு இங்கிருந்து வந்ததுதான். எல்லா முன்பயிற்சி வகுப்பிலும் பலகையில் வரைவார்கள்.

ஜூன் 5

தத்துவம் போதும், காகிதம் எங்கே என்கிறார்கள். சரி.

பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துக் காலாவதி தேதி பாருங்கள். "திரும்பும் வரை செல்லும்" என்பது போதாது. பல நாடுகள் 6 மாதம் மிச்சம் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகிய காலம் போகிறவர்களுக்கு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், கொடுக்கப்பட்டு 10 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. விசா விண்ணப்பத்தில் பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நீண்ட காலப் படிப்புக்கு அந்தந்த நாட்டின் தேசிய விசா வேறு, விதிகளும் வேறு.

அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர்கள், நிகழ்ச்சியை நடத்தும் அமைப்பு தரும் டி.எஸ்-2019 படிவத்தைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள். முடிந்த பிறகு 30 நாள் சலுகை உண்டு. அந்த 30 நாளில் பக்கத்து நாட்டை எட்டிப் பார்க்கலாம் என்று வெளியே போனால் அதே ஜே-1ஐ வைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வர முடியாது. இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் முகம் மாறும், ஏற்கெனவே டிக்கெட் போட்டிருப்பார்.

விசாவில் உங்கள் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று கையில் வாங்கிய உடனே பாருங்கள். விமான டிக்கெட்டிலும் பாருங்கள். ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள், குடும்பப் பெயர் இல்லாதவர்கள், குறிப்பாக நீங்கள். அந்தக் கட்டத்தை ஆளுக்கு ஒரு விதமாக நிரப்பிவிடுவார்கள்.

ஜூன் 6

பவர் பேங்க் பற்றித் தனியாக மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், பாஸ்போர்ட் பற்றி ஒருவர் கூடக் கேட்கவில்லை. காலம் இப்படி இருக்கிறது.

விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மில்லி ஆம்பியர்-மணி (mAh) மட்டும் அச்சிட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, சரிதான். பறக்கும்போது அதைப் பயன்படுத்த விடாத நிறுவனங்கள் பெருகி வருகின்றன, டிக்கெட்டுடன் வரும் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

சார்ஜரில் "100-240V" என்று இருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். முடி உலர்த்தும் கருவியைக் கொண்டு போகாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. ஒன்று சுடாது, இல்லாவிட்டால் புகையும்.

ஜூன் 9

இப்போது வீடு. இதில்தான் நான் அதிகம் எழுத நினைக்கிறேன்.

விடுதியில் தங்குவது வேறு, ஒரு குடும்பத்துக்குள் போய் உட்காருவது வேறு. மாணவர்களைக் குடும்பத்தோடு தங்கவைப்பதை ஒரு முறையாக 1932லேயே டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தொடங்கிவிட்டார். உலகப் போர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களின் ஏ.எஃப்.எஸ் அமைப்பு 1947லிருந்து பள்ளி மாணவர்களை இப்படி அனுப்புகிறது. இத்தனை காலமாகியும் சண்டை வரும் இடங்கள் மாறவே இல்லை: குளியலறை, பாத்திரம், கதவு.

கதவைப் பாருங்கள். அறைக்குள் போய்ச் சாத்திக்கொள்வது ஒரு வீட்டில் சாதாரணம். இன்னொரு வீட்டில் "என்ன கோபம்? உடம்பு முடியவில்லையா?" என்று அர்த்தம். நீங்கள் மொழியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு ஒரு மணி நேரம் தனியாக இருக்கலாம் என்று சாத்துவீர்கள். வெளியே அந்த வீட்டு அம்மா, தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விடும்.

புத்தகம் இதற்கு உதவாது, ஏனென்றால் நீங்கள் தங்கப் போவது அந்த நாட்டில் அல்ல, அந்த ஒரு வீட்டில். கேட்டால்தான் தெரியும். நான் போனபோது முன்பயிற்சியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், நான்காக மடித்தது, இரண்டு பக்கமும் கேள்விகள். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? காலையில் குளியலறை யாருக்கு எப்போது? எவ்வளவு நேரம் குளிக்கலாம்? ஃபிரிட்ஜில் எதை நானே எடுக்கலாம், எதற்குக் கேட்க வேண்டும்? என் துணியை யார் துவைப்பது? சாப்பிட்டதும் நான் செய்ய வேண்டிய வேலை என்ன? வீட்டுக்கு நண்பர்களை அழைக்கலாமா? தாமதமானால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

முதல் நாள் இரவு அந்தத் தாளை மேசையில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, வக்கீல் நோட்டீஸ் மாதிரி. அந்த வீட்டு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பேனா எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுத ஆரம்பித்தார். ஃபிரிட்ஜ் கேள்விக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து, இரண்டாவது தட்டிலிருந்து இரண்டு டப்பாக்களை மேலே நகர்த்தி இடம் பண்ணினார். "இது உன்னுடையது" என்றார். குளியல் நேரம் பற்றி அவருக்கும் கணவருக்கும் நடுவே ஒரு சின்ன வாக்குவாதமே நடந்தது. அவர்கள் வீட்டு விதி என்ன என்று அவர்களுக்கே தெரியவில்லை!

உங்கள் பயிற்சியில் இப்படித் தாள் தராவிட்டால் நீங்களே எழுதுங்கள், அந்த மொழியில். கேட்கும்போது "சௌகரியமாக இரு, உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்" என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். உங்கள் வீடு எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. "நேற்று உங்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

ஜூன் 10

ஷெங்கன் பற்றி ஒருவர், "ஒரு நாட்டுக்கு 90 நாள், அப்புறம் பக்கத்து நாட்டுக்குப் போனால் புதிதாக 90" என்று எழுதியிருக்கிறார். கிடையாது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 90, அத்தனை ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து. எல்லை தாண்டித் திரும்பினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்காது. இதை நம்பி யாரும் கோடைக்காலத் திட்டம் போட வேண்டாம்.

ஜூன் 14

"வீட்டுக்கு எத்தனை தடவை போன் பண்ணலாம்?"

வாரம் ஒருமுறை போதும் என்று வகுப்பில் சொல்வது வழக்கம். தினமும் இரண்டு மணி நேரம் வீடியோவில் இருந்தால், உடம்பு அங்கே, மனசு இங்கே என்று ஆகிவிடும். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

ஜூன் 14, இரவு

மேலே எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. நேரம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், அதுதான் விஷயம். அழுகை வரும்போதெல்லாம் போன் எடுத்தால் வீட்டில் உள்ளவர்கள் உங்கள் மோசமான கால் மணி நேரங்களை மட்டும்தான் கேட்பார்கள். நீங்கள் அழுது முடித்து நண்பர்களோடு வெளியே போய்விடுவீர்கள், அங்கே அம்மா இரண்டு நாள் தூங்க மாட்டார். கிளம்பும் முன் வீட்டாரோடு உட்கார்ந்து கிழமையும் மணியும் பேசிவிடுங்கள். பதில் வராவிட்டால் எத்தனை மணி நேரம் வரை பதறக் கூடாது என்பதையும்.

ஜூன் 15

மூன்றாம் தேதி எழுதிய யூ வளைவைப் படம் எடுத்து ஒருவர் கல்லூரிக் குழுவில் போட்டிருக்கிறாராம், "முதல் மாதம் தேனிலவு" என்று தலைப்பு வைத்து. அதனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

1998ல் காலீன் வார்டும் சக ஆய்வாளர்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். போய்ச் சேர்ந்த தொடக்கத்தில்தான் சிரமம் அதிகமாக இருந்தது, அப்புறம் குறைந்தது. தேனிலவே இல்லை. லிஸ்கார்ட் வெவ்வேறு காலம் தங்கியவர்களை ஒப்பிட்டார், ஒரே ஆட்களை மாதாமாதம் பின்தொடரவில்லை. அதில்தான் வித்தியாசம்.

எனக்கு இது பொருந்துகிறது. நான் பார்த்த மாணவர்களில் முதல் வாரத்திலேயே ஒடிந்தவர்கள் உண்டு. அவர்களை அதிகம் வாட்டியது, "எல்லாருக்கும் இப்போது உற்சாகமாக இருக்கும் என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் இல்லை" என்ற எண்ணம். வளைவை வரைந்து காட்டிய நாங்களே அந்தப் பாரத்தையும் ஏற்றி அனுப்புகிறோமோ என்னவோ. இப்போதெல்லாம் வகுப்பில் வளைவை வரைவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளம் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் யாரிடம் பேசுவீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். பெயர் சொல்ல வேண்டும், "யாரிடமாவது" என்பது பதில் இல்லை.

ஜூன் 21

மருந்து. உங்கள் ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்பதால் எல்லா நாட்டிலும் செல்லும் என்று நினைக்காதீர்கள். ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும், ஆம்ஃபெட்டமின் கலந்த அடரால் போன்ற மருந்துகளை ஜப்பானுக்குள் மருத்துவர் சீட்டோடும் கொண்டு போக முடியாது, அங்கே அது சட்டவிரோதம். மற்ற மருந்துகளிலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவுக்கு முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும். போகும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் மருந்தின் மூலப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், வாங்கிய பெட்டியோடு, சீட்டின் நகலோடு கைப்பையில்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று, ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுவதற்கும் செல்லும். ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் மூன்று ஊசி, 6 மாதம் ஆகும். பல் வலி இலேசாக இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். பல மாணவர் காப்பீடுகளில் பல் சேராது, சேர்ந்தாலும் பெயரளவுக்குத்தான்.

ஜூன் 22

மனநல மருந்து எடுப்பதை அந்தக் குடும்பத்திடம் சொல்லலாமா என்று தனிச்செய்தி வந்தது. உங்கள் விருப்பம். ஆனால் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். போன பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், புது இடம் அதற்குச் சரியான நேரம் இல்லை.

ஜூலை 4

யாரும் சொல்லாத ஒன்று: ஓ.டி.பி. வங்கி, மின்னஞ்சல், பல்கலைக்கழகக் கணக்கு எல்லாம் உங்கள் பழைய எண்ணுக்கு ஓ.டி.பி அனுப்பும். அங்கே போய் சிம்மைக் கழற்றிப் புது சிம் போட்டதும் உங்கள் பணத்துக்கே நீங்கள் வெளியாள். கிளம்பும் முன் பழைய எண்ணில் ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள், முடிந்த கணக்குகளை, சிம் இல்லாமலே குறியீடு தரும் அத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் அந்தத் தாள் இருக்கும்.

அப்புறம் கடையிலோ ஏ.டி.எம்மிலோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த அன்புக்கு மாற்று விகிதத்தில் கூலி உண்டு.

ஜூலை 11

பெட்டிக்கு வந்துவிட்டோம், ஒருவழியாக. கட்டிய பெட்டியை நீங்களே தூக்கி ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்கள். முடியவில்லையென்றால் பாதியை எடுத்துவிடுங்கள். குளிர் கோட்டு அங்கேயே வாங்குவது நல்லது, அந்த ஊர்க் குளிருக்கு என்ன வேண்டும் என்று அந்த ஊருக்குத்தான் தெரியும்.

எடையே இல்லாத ஒன்றை நிறையக் கொண்டு போங்கள்: உங்கள் நாட்டைப் பற்றிய பதில்கள். நீங்கள் அவர்களைப் பற்றி மூன்று புத்தகம் படித்திருக்கிறீர்கள். அவர்கள் உங்களிடம் கேட்பார்கள், உங்கள் நாட்டில் மேலவை எப்படித் தேர்வாகிறது, உன் தாத்தா காலத்தில் என்ன நடந்தது, இந்தச் செய்தியில் வந்த கலவரம் எதனால். எனக்கு முதல் வாரத்திலேயே ஒரு பத்து வயதுப் பையன் என் நாட்டு வரைபடத்தைக் காட்டி, "இந்த எல்லை ஏன் இப்படி நேர்க்கோடாக இருக்கிறது?" என்றான். அன்று இரவு முழுக்கத் தேடிப் படித்தேன். நாட்டின் தூதராக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. "எங்கள் ஊரில் இதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு, என்னுடையது இது" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஜூலை 12

வரைபடப் பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறார்கள். மறுநாள் அவன் அதை மறந்துவிட்டு வீடியோ கேமுக்குப் போய்விட்டான். நான் மட்டும் எல்லை ஆணையங்களைப் பற்றி நிபுணன் ஆனேன்.

ஜூலை 19

படிப்பு மறந்தே போச்சு. அங்கே எடுக்கும் பாடங்களுக்கு உங்கள் கல்லூரி மதிப்பெண் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தில் இதற்கென்றே மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி மூவரும் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தம் இருக்கிறது. மற்ற திட்டங்களில் போகிறவர்கள் துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிப் போக வேண்டாம். நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம். பாடத்திட்டத்தின் நகலையும் அங்கிருந்து எடுத்து வாருங்கள்.

ஜூலை 30

நாளை மறுநாள் விமானம் என்று கேள்வி கேட்டவரே வந்து சொல்லியிருக்கிறார், எரிச்சல் பட்டியல் நான்கு பக்கம் ஆகிவிட்டதாம், அதில் பாதி அண்ணனைப் பற்றியாம். பரவாயில்லை.

கடைசி நேரக் கேள்விகளுக்கு வேகமாக: தங்கும் வீட்டின் முழு முகவரி, போன் எண், ஒருங்கிணைப்பாளரின் எண் மூன்றும் தாளில் கையில் இருக்கட்டும். குடிவரவு அதிகாரி கேட்கும்போது போனில் சார்ஜ் இருக்காது. அவசர எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவில் 911, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110. போலீஸ் பிடித்துவைத்தால் உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, 1963ன் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம், 36ஆம் பிரிவு. தேவைப்படாது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய அன்று பகலில் தூங்கிவிடாதீர்கள், வெயிலில் நடங்கள். உடல் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேர வித்தியாசத்தைத்தான் சரிசெய்யும். அந்த வாரத்தில் நாட்டைப் பற்றியோ அந்த வீட்டைப் பற்றியோ எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டாம். தாளை மட்டும் முதல் நாள் இரவே மேசையில் வைத்துவிடுங்கள், இரண்டாம் நாள் என்றால் கூச்சம் கூடிவிடும்.